மறுதொடக்கம் ஆனது, பயாஸ் மாறவில்லை

எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் லினக்ஸ் போட்ட லேப்டாப்களைப் பற்றி வரும் புகார்களில் முதலிடம் பிரிண்டருக்கு. அதை இங்கே தொடப்போவதில்லை, அது தனிப் புராணம். இரண்டாம் இடம் ஃபர்ம்வேர் அப்டேட்டுக்கு, அதாவது வன்பொருளின் சில்லிலேயே குடியிருக்கும் நிரலைப் புதுப்பிப்பதற்கு. புகாரின் வடிவம் எப்போதும் ஒன்றுதான். கணினியைத் தொடங்கிவைக்கும் ஃபர்ம்வேரான பயாஸுக்குப் புதிய பதிப்பு வந்திருப்பதாக அறிவிப்பு வரும். அழுத்தினால் கடவுச்சொல் கேட்கும். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, மறுதொடக்கம் செய்யுங்கள் என்று சொல்லும். செய்தால், எதுவுமே நடக்காததுபோல் நேரே உள்நுழைவுத் திரையில் வந்து நிற்கும். மறுநாள் காலையில் அதே அறிவிப்பு மறுபடியும் தலைநீட்டும்.

"அண்ணா, இது திரும்பவும் வந்திருக்கிறது. அழுத்தட்டுமா?" என்று ஆடிட்டர் பயிற்சிக்காக ஆர்ட்டிகிள்ஷிப் செய்யும் பெண் கேட்பாள்.

"அழுத்தாதே அம்மா. இன்றைக்கு என்ன தேதி?"

"பதினெட்டு."

"அப்படியானால் இருபது கழியட்டும், பார்க்கலாம்."

மாதாந்திர ஜிஎஸ்டி படிவமான ஜிஎஸ்டிஆர்-3பியைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் 20. அந்த வாரத்தில் எந்தக் கணினியின் பயாஸையும் யாரும் தொடக்கூடாது என்பது நான் போட்ட விதி. ஆடிட்டர் சாரும் அதற்கு எதிர்ப்புச் சொல்லவில்லை. ஃபர்ம்வேர் அப்டேட் ஒரு வாரம் தாமதமானால் குடி முழுகிவிடாது. தாக்கல் தாமதமானால் வட்டியும் தாமதக் கட்டணமும் வாடிக்கையாளர் தலையில் விழும்.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. எங்களிடம் இருந்த லேப்டாப்களில் பாதிக்கு மேல் விண்டோஸ் 11 கேட்கும் தகுதி இல்லாதவை. டேலி ஓடும் கணினிகளையும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகும் கணினியையும் விண்டோஸிலேயே விட்டுவிட்டு, போர்ட்டலில் படிவம் நிரப்பவும் விரிதாள் பார்க்கவும் மட்டும் பயன்படுபவற்றை டெபியன் என்ற லினக்ஸ் வகைக்கு மாற்றினோம். இவை ஏதேதோ பெரிய நிறுவனங்களில் உழைத்துக் களைத்து, குத்தகை முடிந்து, பழைய கணினிக் கடைகள் வழியாக ஈரோட்டுக்கு வந்து சேர்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் எனக்குத் தெரியாத ஒரு பூர்வ ஜென்மம் உண்டு. பின்னால் சொல்லப்போகும் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்தப் பூர்வ ஜென்மத்திலிருந்து வந்தவையே.

லினக்ஸில் ஃபர்ம்வேர் அப்டேட்டைக் கவனித்துக்கொள்வது எஃப்டபிள்யூஅப்டி என்ற பின்னணிச் சேவை. ரெட் ஹேட் பொறியாளர் ரிச்சர்ட் ஹியூஸ் 2015-இல் தொடங்கியது. திரையின் நிறத்தை அளக்கும் கலர்ஹக் என்ற சிறு கருவியைத் தாமே வடிவமைத்து விற்றவர் அவர். வாங்கியவர்கள் அதன் ஃபர்ம்வேரைச் சிரமமில்லாமல் மாற்றிக்கொள்ள வழி செய்யப்போய், அந்த வேலை இந்த அளவுக்கு வளர்ந்துவிட்டது. தயாரிப்பாளர்கள் தங்கள் ஃபர்ம்வேர்க் கோப்புகளை ஏற்றிவைக்கும் பொதுக் கிடங்கின் பெயர் எல்விஎஃப்எஸ். டெல் ஆரம்ப காலத்திலேயே அதில் சேர்ந்தது, லெனோவோ 2018-இல் வந்தது. 2019-இல் கிடங்கு லினக்ஸ் அறக்கட்டளையின் குடைக்குள் போனது. அதற்கு முன்பெல்லாம் ஒரு பயாஸ் அப்டேட்டுக்காக வட்டின் ஓரத்தில் விண்டோஸை வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். ஆகவே இந்தச் சேவையைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. திட்ட வேண்டியது பெரும்பாலும் வேறொன்றை.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது பயாஸ் மாறுவதே இல்லை என்பது. நாம் அப்டேட்டை அழுத்தியதும் எஃப்டபிள்யூஅப்டி செய்வது மூன்றே காரியம். காப்ஸ்யூல் என்று சொல்லப்படும் ஃபர்ம்வேர்க் கோப்பை, பூட் கோப்புகள் இருக்கும் ஈஎஸ்பி என்ற பார்ட்டிஷனில் கொண்டுபோய் வைக்கும். பூட் பட்டியலில் 'லினக்ஸ் ஃபர்ம்வேர் அப்டேட்டர்' என்று ஒரு பதிவைச் சேர்க்கும். அடுத்த ஒரு முறை மட்டும் அந்தப் பதிவிலிருந்து தொடங்கு என்று பூட்நெக்ஸ்ட் என்ற மாறியில் எழுதிவைக்கும். அவ்வளவோடு அதன் கை ஓய்ந்துவிடுகிறது. கணினி அணைந்து மீண்டும் எழும்போது அந்தச் சிறு நிரல் ஓடி, காப்ஸ்யூலை யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேரிடம், அதாவது இன்றைய பயாஸிடம், ஒப்படைக்க வேண்டும். ஃபர்ம்வேர் அதன் கையொப்பத்தையும் பதிப்பையும் மின்சார நிலையையும் சரிபார்த்துவிட்டுத் தன் சில்லில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் லினக்ஸ் அங்கே இல்லை. ஆகவே நடந்ததை எழுதிவைக்க ஒரு லாக் கோப்பும் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு இதை அவள் தொழிலிலிருந்தே சொன்னேன். வருமான வரி ரிட்டர்னை அப்லோட் செய்ததும் 'வெற்றி' என்று திரையில் வரும், ஆனால் இ-வெரிஃபை செய்யும்வரை அது தாக்கல் ஆனதாகக் கணக்கில்லை. எஃப்டபிள்யூஅப்டி சொல்லும் வெற்றி அப்லோட் மட்டும்தான். "அப்படியானால் ஒப்புகையை எங்கே பார்ப்பது?" என்று உடனே கேட்டாள். நல்ல ஆடிட்டராக வருவாள்.

அப்டேட் அமரவில்லை என்று தெரிந்ததும் பலர் செய்வது, அதே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது. அது போதாதென்று நினைத்தால், தடையை மீறிச் செய் என்று சொல்லும் 'ஃபோர்ஸ்' என்ற வாலையும் ஒட்டிக்கொள்வது. இதில் எனக்குக் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை. மூன்று கட்டங்களில் எதில் நின்றது என்று தெரியாமல் எதைத் திருத்த முடியும்? வைக்கும்போதே நின்றதா, ஒப்படைக்கப்படாமல் நின்றதா, ஒப்படைத்த பிறகு ஃபர்ம்வேர் மறுத்ததா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

முதல் கட்டத்தில் நின்றால் கவலை குறைவு. லினக்ஸே வாய்திறந்து காரணம் சொல்லிவிடும். எஃப்டபிள்யூஅப்டிஎம்ஜிஆர் கட்டளையோடு கெட்-டிவைசஸ் என்று கொடுத்தால் ஒவ்வொரு வன்பொருளின் கீழும் அதை ஏன் புதுப்பிக்க முடியாது என்று எழுதியிருக்கும். பழைய லெகஸி முறையில் பூட் ஆகிறது, ஈஎஸ்பி கிடைக்கவில்லை, பயாஸ் அமைப்பில் காப்ஸ்யூல் வசதி அணைக்கப்பட்டிருக்கிறது, இப்படி. ஈஎஸ்பி கண்ணெதிரே இருந்தும் கிடைக்கவில்லை என்று சொன்னால் யுடிஸ்க்ஸ் சேவை நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எஃப்டபிள்யூஅப்டி பார்ட்டிஷன்களை அதனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. சிக்கனமாக நிறுவிய கணினிகளில் அது இருக்காது. அதே சிக்கனக்காரர்களுக்கு இன்னொன்று: நம்பகமான கையொப்பம் இல்லாத நிரல்களைத் தொடக்கத்திலேயே தடுக்கும் செக்யூர் பூட் இயங்கும் டெபியனில், கையொப்பமிட்ட அப்டேட்டர் நிரல் தனிப் பொதியாக வருகிறது. பரிந்துரைக்கப்படும் பொதிகள் வேண்டாம் என்று சொல்லி நிறுவியிருந்தால் அது வந்திருக்காது, கோப்பைக் காணவில்லை என்ற பிழை மட்டும் வரும்.

இரண்டாம், மூன்றாம் கட்டங்களைப் பிரித்தறிவதில்தான் சுவாரசியம். அதற்கு ஒப்புகை இருக்கும் இடம் ஈஎஸ்ஆர்டி என்ற அட்டவணை. யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் தானே நிரப்பி இயங்குதளத்திடம் நீட்டுவது அது. சிஸ் அடைவுக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் ஈஎஃப்ஐ, அதற்குள் ஈஎஸ்ஆர்டி, அதற்குள் என்ட்ரீஸ் என்று போனால் என்ட்ரி0, என்ட்ரி1 என்று கோப்புறைகள் இருக்கும். ரூட் உரிமை இல்லாமல் படிக்க முடியாது. ஒவ்வொன்றிலும் எஃப்டபிள்யூ-டைப் என்று ஒரு கோப்பு. அதில் 1 என்றிருந்தால் அது கணினியின் முதன்மை ஃபர்ம்வேர், 2 என்றால் உள்ளே இருக்கும் வேறொரு சாதனத்தினுடையது. 1 உள்ள கோப்புறையில் மூன்று எண்களைப் பார்த்தால் போதும்: இப்போதைய பதிப்பு, கடைசியாக முயன்ற பதிப்பு, அந்த முயற்சியின் முடிவு.

அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் இப்போதைய பதிப்பு 65590 என்று இருந்தது. பயமுறுத்தும் எண் போலத் தோன்றினாலும் அதில் ஒன்றும் இல்லை. 65536-ஐக் கழித்தால் 54 மிச்சம். எஃப்டபிள்யூஅப்டி திரையில் 0.1.54 என்று காட்டுவது இதைத்தான். வர வேண்டிய புதிய பதிப்பு 0.1.57, அதாவது 65593. கடைசியாக முயன்ற பதிப்பில் என்ன இருந்தது? அதே 65590. முடிவு 0, அதாவது வெற்றி. இதற்குப் பொருள், இந்த ஃபர்ம்வேர் கடைசியாகப் பார்த்த காப்ஸ்யூல் பழைய முதலாளியின் காலத்தில் ஒழுங்காக ஏறிய 54 மட்டுமே. 57 என்று ஒன்று வந்ததே அதற்குத் தெரியாது. நாங்கள் வைத்த காப்ஸ்யூல் ஈஎஸ்பியில் அப்படியே கிடந்தது. எஃப்டபிள்யூஅப்டியின் ஹிஸ்டரி கட்டளையும் இதையே வேறு விதமாகச் சொன்னது: மறுதொடக்கத்தின்போது அப்டேட் ஓடவில்லை.

ஓடவில்லை என்றால் பூட்நெக்ஸ்டை யாரோ மதிக்கவில்லை. பூட் பதிவுகளைக் காட்டும் ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையை மறுதொடக்கத்துக்கு முன்பு ஓட்டிப் பார்த்தேன். பூட்நெக்ஸ்ட் இருந்தது, அப்டேட்டர் பதிவும் இருந்தது, ஷிம் என்ற கையொப்பமிட்ட தொடக்க நிரல் வழியாக அப்டேட்டரை அழைக்கும் பாதையும் சரி. எழுந்த பிறகு ஓட்டினால் பதிவையே காணோம். லினக்ஸ் எழுதியதை எழுந்தவுடன் ஃபர்ம்வேர் அழித்துத் தன் பழைய வரிசைக்கே திரும்பியிருக்கிறது. பயாஸ் அமைப்புக்குள் போய் ஸ்டார்ட்டப் பக்கத்தில் தேடினால் 'பூட் ஆர்டர் லாக்', அதாவது பூட் வரிசையை மாற்றவிடாத பூட்டு, இயக்கப்பட்டிருந்தது. பெரிய நிறுவனங்களின் கணினித் துறையினர் இதைப் போட்டுவைப்பது வழக்கம். ஊழியர்கள் யுஎஸ்பி செருகி வேறு எதையும் பூட் செய்துவிடக் கூடாது என்பது அவர்கள் கவலை, நியாயமான கவலைதான். பூட்டை எடுத்தேன், அப்டேட்டை மறுபடி கொடுத்தேன், திரை கறுத்து, தயாரிப்பாளரின் சின்னத்துக்குக் கீழே முன்னேற்றப் பட்டை நகர்ந்தது. பிறகு எண் 65593.

சில வகை லேப்டாப்களில் இந்தப் பூட்டு இருப்பதை எஃப்டபிள்யூஅப்டியின் புதிய பதிப்புகள் முன்கூட்டியே கண்டு, பயாஸ் அமைப்பு தடுக்கிறது என்று சொல்லிவிடுகின்றன. பயாஸ் அமைப்புகளை லினக்ஸிலிருந்தே பட்டியலிடும் கட்டளையும் இருக்கிறது. இரண்டுமே தயாரிப்பாளர் லினக்ஸின் மையமான கர்னலுக்கு அந்தக் கதவைத் திறந்துவைத்த கணினிகளில் மட்டும் பலிக்கும். அதே பயாஸில் 'விண்டோஸ் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் அப்டேட்' என்று ஓர் அமைப்பு இருந்தால், நம்மிடம்தான் விண்டோஸ் இல்லையே என்று அணைத்துவிடாதீர்கள். லினக்ஸின் காப்ஸ்யூலும் அந்த வழியாகத்தான் போகிறது.

பூட்டு எதுவும் இல்லாமலேயே பூட்நெக்ஸ்டைக் கண்டுகொள்ளாத ஃபர்ம்வேர்களும் உண்டு. அவற்றுக்காக எஃப்டபிள்யூஅப்டியின் அமைப்புக் கோப்பில், லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் என்ற நிரல் வழியாக அப்டேட்டரை அழைக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஃபர்ம்வேர் தன் வழக்கப்படி கிரப்பைத் தொடங்கும், கிரப் அப்டேட்டரைத் தொடங்கும். சுற்றுவழி என்றாலும் வேலை நடக்கும்.

பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. கடையில் திரையையும் பேட்டரியையும் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். அங்கேயே பயாஸ் அமைப்புக்குள் போய், ஏதாவது ஒன்றை மாற்றிச் சேமிக்க முடிகிறதா என்று பாருங்கள். சூப்பர்வைசர் கடவுச்சொல் கேட்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது இல்லாமல் மேலே சொன்ன பூட்டை உங்களால் எடுக்கவே முடியாது.

ஒப்படைத்த பிறகு மறுக்கப்பட்டால் ஈஎஸ்ஆர்டியில் இருக்கும் அந்த முடிவு எண் பூஜ்யமாக இருக்காது. 3 என்றால் பதிப்பு ஏற்புடையதல்ல, பெரும்பாலும் பழையதற்கு இறங்கப் பார்த்திருப்போம். 4 வடிவம் தவறு. 5 கையொப்பம் செல்லவில்லை. 6 மின் இணைப்பு இல்லை. 7 பேட்டரி போதாது. 2 என்றால் வளம் போதவில்லை. 1 என்றால் தோல்வி, காரணம் சொல்ல விருப்பமில்லை. சோம்பேறித்தனமாக எழுதிய ஃபர்ம்வேர்கள் எல்லாவற்றுக்கும் 1 என்று போட்டுவிட்டுப் போகும்.

எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரத்தை நிறுத்தும் நாள் ஒன்று உண்டு. அன்றைக்கு வேலை ஓடாது என்பதால், அறிவிப்புகளையாவது தீர்ப்போம் என்று யாருக்காவது தோன்றும். 6 என்ற எண்ணை நான் முதலில் பார்த்தது அப்படி ஒரு நாளின் மறுநாளில்தான். பேட்டரி நிறைந்திருந்தாலும் ஒயர் செருகியிருக்க வேண்டும் என்று ஃபர்ம்வேர் அடம்பிடிக்கும். அந்த அடம் சரியே. சில்லில் பாதி எழுதியபடி நின்றுபோன பயாஸை மீட்பது வேறு வகை வேலை. எஃப்டபிள்யூஅப்டியும் முன்னதாகவே மின் இணைப்பைப் பார்க்கும்தான். ஆனால் அது பார்த்ததற்கும் மறுதொடக்கத்துக்கும் நடுவே இன்வெர்ட்டர் கைவிட்டால் அதற்கு என்ன தெரியும்?

இட நெருக்கடி இரண்டு வகை. எளியது ஈஎஸ்பியில். விண்டோஸ் தன்னை நிறுவிக்கொள்ளும்போது பெரும்பாலும் 100 எம்பிதான் அதற்கு ஒதுக்கும். அதற்குள் விண்டோஸின் பூட் கோப்புகள், அது பேசத் தெரிந்த எல்லா மொழிகளுக்கும் ஆளுக்கொரு கோப்புறை, தயாரிப்பாளரின் சோதனைக் கருவிகள், பழைய பயாஸின் பிரதி என்று எல்லாம் குடியேறியிருக்கும். காப்ஸ்யூல் பல எம்பி இருக்கும். இவ்வளவு வேண்டும், இவ்வளவுதான் இருக்கிறது என்று எஃப்டபிள்யூஅப்டி கணக்கோடு சொல்லி நின்றுவிடும். விண்டோஸை முழுமையாக எடுத்துவிட்ட கணினியில் மைக்ரோசாஃப்ட் கோப்புறையை வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொண்டு நீக்கினேன், தீர்ந்தது. இரண்டும் சேர்ந்திருக்கும் கணினியில் அதைத் தொடக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

கஷ்டமானது யூஇஎஃப்ஐ மாறிகள் வாழும் சிறு நினைவகத்தில் வரும் நெருக்கடி. மதர்போர்டில் இருக்கும் அந்த இடம் கிலோபைட்டுகளில் எண்ணத்தக்கது. கர்னல் சரிந்து விழும்போது கடைசி வார்த்தைகளைச் சில கணினிகளில் அங்கேதான் எழுதிவைக்கிறது, வட்டில் எழுத அப்போது அவகாசமில்லை. அடிக்கடி உறைந்துகொண்டிருந்த ஒரு லேப்டாப்பில் ஈஎஃப்ஐ மாறிகளின் அடைவைத் திறந்தால் 'டம்ப்-டைப்0' என்று தொடங்கும் பெயர்கள் வரிசை கட்டி நின்றன. பூட் பதிவு எழுத இடமில்லை, வேறு எதற்கும் இடமில்லை. இவற்றை வட்டுக்கு எடுத்துவைத்து மாறிகளை அழிக்க, லினக்ஸின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியில் பிஸ்டோர் என்ற சேவை இருக்கிறது. அந்த லேப்டாப்பில் அது அணைக்கப்பட்டிருந்தது. டம்ப் கோப்புகளை மட்டும் பெயர் பார்த்து நீக்கினேன். அந்த அடைவில் நட்சத்திரக் குறி போட்டு மொத்தமாகத் துடைக்கும் ஆலோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அங்கே கணினி உயிரோடு எழத் தேவையான மாறிகளும் இருக்கின்றன.

இனி டிபிஎக்ஸ். பலர் இதையும் பயாஸ் அப்டேட் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். செக்யூர் பூட் ஓடவிடக் கூடாத நிரல்களின் தடைப்பட்டியல் இது. 2020 ஜூலையில் கிரப்பில் பூட்ஹோல் என்ற ஓட்டை வெளியானபோது, ஓட்டையுள்ள பழைய நிரல்களைத் தடுக்க 3 சான்றிதழ்களையும், நிரல்களின் கைரேகை போன்ற 150 ஹேஷ்களையும் இந்தப் பட்டியலில் சேர்க்க நேர்ந்தது. வழக்கமாகக் கிடைக்கும் 32 கேபி இடத்தில் 10 கேபியை அந்த ஒரே சம்பவம் தின்றுவிட்டது. இப்படியே போனால் இடம் தீர்ந்துவிடும் என்றுதான் 2021-இல் ஷிம்முக்குள், ஒவ்வொரு நிரலையும் தனித்தனியே பட்டியலிடாமல் பழைய தலைமுறையை மொத்தமாகத் தடுக்கும் எஸ்பாட் என்ற தலைமுறை எண் முறையைக் கொண்டுவந்தார்கள்.

டிபிஎக்ஸ் அப்டேட் மறுத்தால் எஃப்டபிள்யூஅப்டியின் பிழைச் செய்தியை நிதானமாகப் படியுங்கள். ஈஎஸ்பியில் தடைசெய்யப்பட்ட நிரல் இருக்கிறது, கிரப்பையும் ஷிம்மையும் புதுப்பியுங்கள் என்று சொல்லி, அந்தக் கோப்பின் முழுப் பாதையையும் கொடுக்கும். எங்கள் லேப்டாப் ஒன்றில் டெபியன் கோப்புறையில் எல்லாமே புதியவை. ஆனாலும் மறுத்தது. பாதையைப் பார்த்தால் வேறொரு லினக்ஸின் பெயரில் ஒரு கோப்புறை. பூர்வ ஜென்மத்தில் யாரோ அதை நிறுவிப் பார்த்திருக்கிறார்கள், வட்டைத் துடைத்தவர்கள் ஈஎஸ்பியைத் துடைக்கவில்லை. எந்தப் பூட் பதிவும் அந்தக் கோப்புறையைச் சுட்டவில்லை என்று ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆரில் உறுதி செய்துகொண்டு, பிரதி எடுத்துவைத்து, நீக்கினேன். அப்டேட் சத்தமில்லாமல் ஏறியது.

சில கணினிகளில் ஆள் அந்த மாதிரிக் கோப்புறையில் இருக்க மாட்டான், 'பூட்' என்ற பொதுக் கோப்புறைக்குள் பூட்எக்ஸ்64 என்ற பெயரில் பழைய ஷிம்மாக ஒளிந்திருப்பான். வேறு எதுவும் கிடைக்காதபோது ஃபர்ம்வேர் தேடிப் போகும் கடைசிப் புகலிடம் அது. அதை நீக்குவதைவிடப் புதிய ஷிம்மால் மாற்றுவது நல்லது. கழற்றி எடுக்கக்கூடிய வட்டுகளுக்கான பாதையிலும் கிரப்பை நிறுவு என்று டெபியனிடம் சொன்னால் அதுவே செய்துகொள்ளும்.

இந்த இடத்தில் ஃபோர்ஸ் போடவே போடாதீர்கள். எஃப்டபிள்யூஅப்டி நிற்பது நம்மைக் காப்பாற்றுவதற்காக. பூட் ஆகப் பயன்படும் ஷிம்மே தடைப்பட்டியலில் இருக்கும்போது பட்டியலை ஏற்றிவிட்டால், அடுத்த முறை கணினி எழாது. செக்யூர் பூட்டை அணைத்துத்தான் உள்ளே போக வேண்டும், பயாஸ் கடவுச்சொல் கையில் இல்லாதவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். விண்டோஸும் வட்டைப் பூட்டிவைக்கும் அதன் பிட்லாக்கரும் கூட இருக்கும் கணினியென்றால், பயாஸோ டிபிஎக்ஸோ எதை மாற்றினாலும் அதற்கு முன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றத்தைக் கண்டதும் பிட்லாக்கர் சாவியைக் கேட்கக்கூடும். வட்டின் பூட்டை, சாவிகளைக் காக்கும் டிபிஎம் சில்லோடு இணைத்திருக்கும் லினக்ஸ்காரர்களும் கடவுத்தொடரை மறக்காமல் இருப்பது நலம்.

எல்லா அப்டேட்டும் மறுதொடக்கத்தைத் தேடி வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மவுஸின் யுஎஸ்பி ரிசீவர் போன்றவை லினக்ஸ் ஓடும்போதே மாறிவிடும். சில எஸ்எஸ்டிகள் மறுதொடக்கத்துக்கு மசியாமல் முழுதாக அணைத்துப் போடச் சொல்லும். லேப்டாப்போடு பிற சாதனங்களை இணைக்கும் சில டாக்குகள் ஒயரைப் பிடுங்கிச் செருகிய பிறகே புதிய பதிப்பைக் காட்டும். பதிப்பு மாறவில்லையே என்று பதறும் முன் கெட்-டிவைசஸ் பட்டியலில் அந்தச் சாதனத்தின் குறிப்புகளைப் பார்த்தால் எது தேவை என்று எழுதியிருக்கும்.

எங்கள் ஆடிட்டர் சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவ்வளவு சிரமப்பட்டு இது தேவைதானுங்களா? ஓடுகிற வண்டியை ஓடவிட்டால் என்ன?" என்றார். நியாயமான கேள்வி. புதிய அம்சத்துக்காக யாரும் பயாஸ் மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்தும். ஆனால் வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கும் கணினிகளில் பாதுகாப்புத் திருத்தங்களை ஆறப்போட முடியாது. இன்னொரு காரணமும் இருக்கிறது. செக்யூர் பூட்டின் அடித்தளமாக மைக்ரோசாஃப்ட் 2011-இல் வழங்கிய சான்றிதழ்களின் காலம் 2026 ஜூன் முதல் முடிகிறது. அன்றோடு கணினி எழாமல் போய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஏற்கெனவே கையொப்பமான ஷிம் வழக்கம்போல் ஓடும். ஆனால் இனி வரும் ஷிம்களுக்கு 2023-இன் புதிய சான்றிதழ் வேண்டும், டிபிஎக்ஸில் புதிதாக எதையும் சேர்க்க, அந்த மாற்றத்துக்கு அனுமதி தரும் கேஇகே என்ற சாவியும் புதிதாக வேண்டும். இவற்றையும் லினக்ஸ் கணினிகளுக்கு எஃப்டபிள்யூஅப்டிதான் கொண்டுவருகிறது. மாறிகளின் நினைவகத்தில் இடமில்லாத பழைய கணினிகள் இங்கேயும் முரண்டு பிடிக்கும். டம்ப் கோப்புகளை இப்போதே பார்த்துவைப்பது நல்லது.

எல்லாம் சரியானதா என்று கேட்டால், இல்லை. ஒரு லேப்டாப் காப்ஸ்யூலை வாங்கிக்கொண்டு 1 என்று மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இடம் இருந்தது, மின்சாரம் இருந்தது, பூட்டு இல்லை. ஹிஸ்டரியை எல்விஎஃப்எஸுக்கு அனுப்பட்டுமா என்று எஃப்டபிள்யூஅப்டி கேட்டபோது சரி என்று கொடுத்தேன். தோல்வி அறிக்கைகளைத் தயாரிப்பாளர் அங்கே பார்க்க முடியும். அறிக்கை ஏற்கெனவே தெரிந்த ஒரு சிக்கலோடு பொருந்தினால் அதற்கான விளக்கப் பக்கத்தின் முகவரியும் திரும்பி வரும். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. கடைசியில் தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்திலிருந்து அதே பதிப்பின் கோப்பை இறக்கி, ஃபேட்32 பென் டிரைவில் போட்டு, பயாஸுக்குள்ளேயே இருக்கும் அப்டேட் பக்கத்திலிருந்து ஏற்றினேன். ஏறிவிட்டது. அந்த லேப்டாப்பை ஸ்கேனர் மேசைக்கு மாற்றிவிட்டு, அதற்கு வரும் பயாஸ் அறிவிப்புகளை மட்டும் இனி நேரே என்னிடம் சொல்லும்படி அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன்.